குலமுறை கிளத்தலில் தாய்வழிக் குரல்

கம்பராமாயணப் பாலகாண்டத்துள் அமைந்த படலங்களுள் ஒன்று குலமுறை கிளத்து படலம். இராமனின் முன்னோர் வரிசையை விசுவாமித்திரன் சனகனுக்கு எடுத்துரைக்கும் பகுதி அது. அதே பெயர் தாங்கிய படலம் ஒன்று கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியத்திலும் உண்டு. அங்குக் குலமுறையைக் கிளத்துபவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. முனிவன் அரசவையில் நின்று உரைத்ததை, உண்ணவும் உடுக்கவும் வழியற்ற மனைவி ஒருத்தி தன் வீட்டு வாயிலில் நின்று உரைக்கிறாள். தலைப்பு ஒன்றே, சொல்பவர் மாறியதால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. இதனை அங்கதச் சுவை கருதிய ஓர் உத்தி என்ற அளவில் கொண்டு கடந்துவிடுவதே வகுப்பறை வழக்கம். ஆயின், குடிப்பெருமை பேசும் தமிழ் இலக்கியப் பகுதிகளை ஒருசேர வைத்து நோக்கும்போது, கவிமணி தொட்ட இடம் நகைச்சுவைக்கு அப்பாற்பட்டது என்பது புலனாகும். குலத்தின் வரிசை யார்வழி எண்ணப்படுகிறது, அதனை யார் சொல்கிறார் என்னும் இரண்டும் வெவ்வேறு வினாக்கள். இவ்விரண்டிற்கும் இடையிலான பிளவைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை இப்போது பேச வேண்டிய தேவை உண்டு. கேரளத்தில் குடும்பயோகங்கள் கூடித் தத்தம் குடும்ப வரலாற்றை நூலாக வெளியிடுவது நெடுநாளைய வழக்கம். குறிப்பாகச் சிரியன் கிறித்தவக் குடும்பங்கள் பல, கி.பி. 52இல் வந்ததாக மரபு கூறும் புனித தோமாவிடம் திருமுழுக்குப் பெற்ற முன்னோரிலிருந்து தம் வரிசையைத் தொடங்குகின்றன. தமிழ்க் குடும்பங்களும் இத்தகைய நூல்களை அச்சிடுகின்றன, விழா எடுக்கின்றன, கிளைபடர்ந்த வம்சவிருட்சத்தை வரைந்து சுவரில் மாட்டுகின்றன. தமிழ் ஆய்வு மாணவர்களுக்கு இவை தரவுகளாகவும் ஆகின்றன. தரவாகக் கொள்ளப்படுவதற்கு முன் இவை ஓர் இலக்கிய வகையாகப் படிக்கப்பட வேண்டியவை. இவ்வகைக்கு நம் மொழியில் நீண்ட முன்வரலாறு உண்டு.

பதிகங்கள் பெயரிட்ட அன்னையர்

பதிற்றுப்பத்தின் பத்துப் பத்துகளுள் முதலும் இறுதியும் கிடைக்கவில்லை. எஞ்சிய எட்டின் ஈற்றிலும் பதிகங்கள் உள்ளன. இவை பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பது பெரும்பாலோர் கொள்கை. பிற்பட்டவையே ஆயினும் தமிழில் நமக்குக் கிட்டும் ஒழுங்கான குடிவழிக் குறிப்புகளுள் இவை மிகப் பழமையானவை. இவற்றின் தொடரமைப்பு நோக்கத்தக்கது. இன்ன அரசனுக்கு இன்னவள் ஈன்ற மகன் என்பதே அதன் வாய்பாடு. தந்தை நான்காம் வேற்றுமையில் நிற்க, ஈன்றவள் எழுவாயாகிறாள். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனின் தாயாக நல்லினியும், இளஞ்சேரல் இரும்பொறையின் தாயாக அந்துவஞ்செள்ளையும் தத்தம் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். ஏனையோர் நிலை அவ்வாறன்று. வேளாவிக்கோமான் பதுமனின் மகளாகவும் அரசனின் தேவியாகவும் அறியப்படும் பெண்ணுக்குத் தந்தை பெயரும் கணவன் பெயரும் உண்டு. தன் பெயர் இல்லை. பல்யானைச் செல்கெழு குட்டுவனை இமயவரம்பனின் தம்பி என்னும் முறையால் அறிமுகம் செய்யும் பதிகத்திலோ தாய் இடம்பெறவே இல்லை. ஆகவே, பதிகங்கள் தாயைப் போற்றின என்று பொதுமையாகக் கூறிவிடுவது பொருந்தாது. எட்டினுள்ளேயே பல படிநிலைகள் உள்ளன.

இவ்வாய்பாட்டைக் கொண்டே நாவலர் சோமசுந்தர பாரதியார் சேரர் தாயமுறை என்னும் நூலில், சேரர் மருமக்கள் தாயத்தவர் என வாதிட்டார். அக்கருத்தை மறுத்தோரும் பலர். தாயமுறை பற்றிய அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பணி அன்று. வழக்கு எவ்வாறு முடியினும், மகனைப் புகழத் தொடங்கும்போது அவனை ஈன்றவள் எக்குடியினள் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்று பதிகம் இயற்றியோர் கருதினர் என்பது மட்டும் உறுதி. குடிப்புகழ் இரு கால்களில் நின்ற காலம் அது.

பரணி காட்டிய தையலும் உலா மறைத்த தையலும்

சோழர் அவையில் இந்நிலை மாறுகிறது. கலிங்கத்துப்பரணியின் இராசபாரம்பரியத்தில் சோழர் குடிவரிசை விரிவாகச் சொல்லப்படுகிறது. நாரதன் உரைக்கக் கரிகாலன் இமயத்தில் பொறித்து வைத்ததை, அங்கிருந்து மீண்ட முதுபேய் காளிக்கு உரைப்பதாகச் செயங்கொண்டார் அமைத்துள்ளார். கல்லில் பொறித்ததும், முனிவன் சொன்னதும், பேய் கண்டதும் என மூன்று சான்றுகளை அடுக்கியது ஏன்? அவையில் இருந்தவர்கள் யாவரும் அறிந்த ஓர் இடர்ப்பாடு காரணமாகலாம். பாட்டுடைத் தலைவனாகிய முதற் குலோத்துங்கன் தந்தைவழியில் கீழைச் சாளுக்கியன். முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியின் மகனாகிய அவன், 1070இல் சோழ அரியணை ஏறியது தாய்வழியால். தந்தைவழி வரிசை அங்கு அறுந்துவிட்டது. அறுந்த இடத்தில் நின்றுகொண்டு அறாத வரிசையைப் பாட வேண்டிய கடப்பாடு புலவருக்கு.

செயங்கொண்டார் இதனை மறைக்கவில்லை என்பதே அவருடைய பெருமை. அவதாரப் பகுதியில் மதிக்குலமும் கதிர்க்குலமும் ஒருங்கே விளங்கப் பிறந்த மகவாக அவனைக் காட்டுகிறார். மேலும் ஒரு நுட்பம் உண்டு. பிறந்த குழந்தையின் உறுப்பு இலக்கணங்களைக் கண்டு, இவன் தம் குலத்துக்கு மகனாகத் தக்கவன் என முதலில் மகிழ்பவள் கங்கைகொண்ட சோழனின் தேவி, அதாவது தாய்வழிப் பாட்டி. படைத்தலைவரோ அமைச்சரோ குருவோ அல்லர். குலத்தின் தொடர்ச்சியை உறுதி செய்யும் கண் ஒரு பெண்ணின் கண்ணாக அமைகிறது. பேரனை மகனாக மாற்றும் அந்தப் பார்வை இல்லையெனில், பேய் படித்துவந்த இமயக் கல்வெட்டும் பயனற்றதாகும். பரணியைப் போர்ப்பாட்டாக மட்டும் கற்பிக்கும் நாம், குழந்தையைப் பாட்டி நோக்கும் இவ்விடத்தில் சற்று நின்று செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

ஒட்டக்கூத்தரின் மூவருலாவிற்கு வருவோம். குலோத்துங்கனின் மகன் விக்கிரமன், அவன் மகன், அவன் மகன் என மூவருக்கும் பாடப்பட்டவை அவை. திருமாலில் தொடங்கி நான்முகன் வழியாக, கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவன், புறாவுக்காகத் தன்னை அரிந்தவன் என வரிசை விரைகிறது. விக்கிரமசோழன் உலாவில் குலோத்துங்கனும் தன் முறை வந்ததும் ஏனைய சோழரோடு ஒருவனாக நின்றுவிடுகிறான். தையல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு தலைமுறை கடந்ததும் அம்மங்கையின் தேவை தீர்ந்தது போலும். பிலத்துள் புகுந்து நாகர் மகளை மணந்தவனைப் பற்றிய குறிப்பில் ஒரு பெண் தலைகாட்டினும், அவள் அரசனின் வீரச்செயலுக்குச் சான்றாக வருபவளே. யாப்பு வளமும் வேகமும் நிறைந்த உலாக் கண்ணிகளைக் குறைத்து மதிப்பிடுவது நோக்கமன்று. ஆனால் ஒரே குலத்தைப் பாடிய இரு நூல்களுள் பரணி வடுவைக் காட்டிப் போற்றுகிறது. உலா வடுவை மூடிப் போற்றுகிறது. குடும்பப் பெருமை பேசும் பிற்கால எழுத்துகள் அனைத்தும் இவ்விரு வழிகளுள் ஒன்றையே தேர்கின்றன.

மணத்திற்கு முன்னொரு சான்று

கம்பரின் படலத்தை இங்குச் சுருக்கமாகக் கருதினால் போதும். வான்மீகத்தில் இராமனின் குலமுறையை உரைப்பவர் வசிட்டர்; உரைக்கும் இடம் வில் முறிந்தபின், திருமணத்திற்குச் சற்று முன். கம்பர் அதனை வில் முறிவதற்கு முன்னே கொண்டுவந்து, விசுவாமித்திரன் வாயில் வைத்தார். வில்லை எடுக்கும் தகுதியே குலத்தின் தகுதியாலும் உறுதிப்படுகிறது என்பது அதன் விளைவு. காப்பிய அமைப்பில் இது சிறந்த மாற்றம். நம் பொருளுக்கு வேண்டுவது வேறொன்று: குலமுறை கிளத்தல் மணமகனின் தரப்பில், பெண்ணைக் கொடுப்பவன் கேட்க, அவையில் நிகழும் செயல். கேட்பவன் பெண்ணின் தந்தை. பெண் கேட்பவளாகக்கூட அங்கு இல்லை.

ஐந்தாம் மனைவியின் அகவல்

1917-18இல் தமிழன் இதழில் வெளிவந்த மான்மியம் இவ்விடத்திலேயே கைவைக்கிறது. கவிமணி கல்வெட்டாராய்ச்சியில் ஈடுபட்டவர்; காந்தளூர்ச்சாலை பற்றி ஆய்ந்து எழுதியவர். அரசர் வரிசைகளும் தானச் சாசனங்களும் அவருக்குக் கைவந்தவை. குடிப்புகழின் சொல்லாட்சியை அகத்திலிருந்து அறிந்தவர் ஆதலாலேயே அதனைப் புரட்டிப்போட அவரால் இயன்றது. தலப்பெருமைக்குரிய மான்மியம் என்னும் சொல், ஒரு சொத்துரிமை முறைக்குச் சூட்டப்பட்டது முதல் புரட்டு. குலமுறை கிளத்தலைப் பெண்ணிடம் ஒப்படைத்தது இரண்டாவது.

அவள் கிளத்தும் குலமுறையில் முன்னோர் வரிசை இல்லை. மனைவியர் வரிசை இருக்கிறது. தனக்கு முன் அவ்வீட்டிற்குள் வந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே அவள் அறிந்த வமிசம். காரணவரின் பெருமை அவர் மணந்த எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. உலாவில் அரசனின் வெற்றிகள் அடுக்கப்பட்ட இடத்தில் மான்மியத்தில் மணங்கள் அடுக்கப்படுகின்றன. பதிற்றுப்பத்துப் பதிகங்கள் பயின்ற ஆசிரிய யாப்பிலேயே இவளும் பேசுகிறாள் என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். அகவுதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். குலத்தோரை அழைத்துப் பாடிய யாப்பு, குலத்தால் கைவிடப்பட்டவளின் அழைப்புக்கு உதவுகிறது.

இங்கு ஓர் ஐயம் எழும். மருமக்கள்வழி என்பது தாய்வழி முறைதானே. தாய்வழியைக் கண்டிக்கும் நூலைத் தாய்வழிக் குரலுக்குச் சான்றாக்குவது முரணன்றோ? முரணன்று. தாய்வழியாகச் சொத்து இறங்குவதாலேயே பெண்ணுக்கு அதிகாரம் வந்துவிடுவதில்லை என்பதை மான்மியம் போலத் தெளிவாகக் காட்டிய நூல் தமிழில் அரிது. கணவனின் உடைமை அவன் உடன்பிறந்தாளின் மகனுக்குச் செல்கிறது. ஆளும் கை காரணவனின் கையே. மனைவிக்கும் அவள் மக்களுக்கும் உகந்துடைமை என்னும் சிறு பங்குக்காகக் காத்திருக்கும் நிலை. இவ்வமைப்புள் அகப்பட்ட பெண்களும் ஒருவருக்கொருவர் பகைவராவதை மாமி அரசியற் படலம் காட்டுகிறது. அப்படலத்தின் நகைச்சுவையைச் சுவைத்த அளவிற்கு அதன் கொடுமையை நாம் எடுத்துரைத்ததில்லை. கோடேறிக் குடிமுடித்த படலத்தில் வழக்குமன்றம் குடும்பத்தை உண்டு முடிக்கிறது. குலம் யார்வழி எண்ணப்படுகிறது என்னும் வினாவும், குலத்தில் யார் பேசலாம் என்னும் வினாவும் வேறு வேறு எனத் தொடக்கத்தில் கூறியது இதனாலேயே. பதிகத்து அன்னை எண்ணப்பட்டாள், பேசவில்லை. மான்மியத்து மனைவி எண்ணப்படவில்லை, பேசுகிறாள்.

நாஞ்சில்நாட்டு வேளாளர்க்கான திருவிதாங்கூர்ச் சட்டம் 1926இல் வந்தது. மருமக்கள்வழி அம்மக்களிடையே முடிவுக்கு வரத் தொடங்கியது. சட்டம் வந்ததில் நூலுக்குப் பங்கு உண்டு எனப் பலரும் போற்றுவர். போற்றுதற்குரியதே. எனினும் பயன் விளைந்ததும் நூலின் வேலை முடிந்துவிட்டதாகக் கருதி, அதனை வட்டாரச் சமூக வரலாற்று ஆவணமாக ஒதுக்கியது நம் திறனாய்வின் குறை. ஒழிந்தது ஒரு தாயமுறை. குலமுறை கிளத்தும் முறை ஒழியவில்லை.

புலம்பெயர்வுக் கதையின் மையத்தில் ஒரு பெண்

புனைகதைக்கு வரும்போது பேசும் உரிமை முழுமையாகவே முதிய பெண்களிடம் வந்துசேர்கிறது. நீல. பத்மநாபனின் தலைமுறைகள் (1968) இரணியல் செட்டிமார் வாழ்வைக் கூறும் புதினம். அதில் குடிவழிக் கதையையும் குல ஆசாரத்தையும் நினைவில் சுமந்து நிற்பவர் உண்ணாமலை ஆச்சி. கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமத்தில் (1976), ஆந்திர நாட்டிலிருந்து முன்னோர் வந்த கதையைச் சொல்பவர் நூறு வயதைக் கடந்த மங்கத்தாயார் அம்மாள். முனிவனும் பேயும் இருந்த இடத்தில் பாட்டியும் பூட்டியும். இம்மாற்றத்தை வாய்மொழி மரபின் மீட்சியாகப் போற்றுவது இயல்பு. ஆயினும் அவர்கள் வாயிலாக வரும் கதை எத்தகையது என்பதையும் கேட்க வேண்டும்.

கோபல்ல கிராமத்துப் புலம்பெயர்வின் காரணம் சென்னாதேவி என்னும் அழகி. அவளை அடைய அரசன் ஒருவன் விரும்ப, குடும்பத்தார் அவளைக் காக்கும்பொருட்டு ஊரைவிட்டு இரவோடு இரவாகப் புறப்படுகின்றனர். துரத்தி வருவோரிடமிருந்து தப்ப ஆற்றங்கரை மரமே வளைந்து பாலமாகிறது. இக்கதையில் அரசன் துலுக்கன் எனப்படுவதைக் கொண்டு வரலாற்று முடிவு காண்பார் சிலர். அது பொருந்தாது. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வெளியேறியதாகக் கூறும் நகரத்தார் மரபில், பெண்கள்மேல் கொடுமை இழைத்தவன் சோழன். அரசனின் சமயமும் நாடும் மாறும், கதைக்கூறு மாறுவதில்லை. அரசன் பெண் கேட்கிறான், குலம் பெயர்கிறது என்பதே அக்கூறு. நகரத்தார் மரபு இன்னும் ஒரு படி செல்கிறது: பெரியோர் உயிர்துறக்க, எஞ்சிய ஆண்மக்கள் வேளாளர் மகளிரை மணந்து குலத்தைத் தழைக்கச் செய்தனர் என்கிறது. தொன்மத்தின் கணக்குப்படி, குருதிவழியில் பாதி புதிது; பெயர் மட்டும் பழையது.

பெண்ணைக் காத்த பெருமையே குலத்தின் அடித்தளம். ஆனால் அந்தப் பெண்ணின் வழி குலம் எண்ணப்படுவதில்லை. கோட்டையார் வீடு கோவிந்தப்ப நாயக்கராலும் அவர்தம் உடன்பிறந்தாராலும் அறியப்படுகிறது. சென்னாதேவி பேசப்படுகிறாள், அவள் நோக்கில் கதை நகர்வதில்லை. கி.ரா. இதனை அறிந்தே எழுதினார் என்று நான் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு. புதினம் கோட்டையாரின் பெருமையில் தொடங்குவதில்லை. நகைக்காகக் கொல்லப்படும் ஒரு வழிப்போக்கப் பெண்ணில் தொடங்குகிறது. அவளும் கருவுற்றவள். ஒரு பெண்ணைக் காப்பாற்றிய பழங்கதையை மங்கத்தாயார் சொல்லும் காலத்தில், ஊர் எல்லையிலேயே மற்றொருத்தி காப்பாற்றப்படாமல் இறந்திருக்கிறாள். கொலையாளியைக் கழுவேற்றி ஊர் நீதி செய்கிறது. செய்தாலும், பழங்கதையின் பெருமிதத்தின்மேல் அந்த மரணத்தின் நிழல் விழுந்தே கிடக்கிறது. கோபல்ல கிராமத்தை இனவரைவியல் ஆவணமாக மட்டும் அட்டவணைப்படுத்தும் ஆய்வேடுகளில் இந்நிழல் தப்பிவிடுகிறது.

தலைமுறைகளில் இப்பிளவு இன்னும் கூர்மையானது. குலத்தின் வருகையைச் சொல்லும் ஆச்சியின் வீட்டிலேயே, பெண்மையற்றவள் என்னும் பொய்ப்பழியோடு கணவனால் தள்ளப்பட்ட நாகம்மை வந்து இருக்கிறாள். அவள் உடன்பிறந்தான் திரவி அவளுக்காகப் போராடுகிறான். குலம் தொன்றுதொட்டுக் காத்துவந்த ஒழுங்கே அவளுக்கு எதிராகத் திரள்கிறது. ஆச்சியின் குரலில் இனிமையும் தடையும் ஒன்றாக ஒலிக்கின்றன. பத்மநாபன் அவற்றைப் பிரித்துக் காட்ட முயலவில்லை. இரணியல் வழக்கை அதன் மலையாளக் கலப்போடு அவர் அப்படியே எழுதியதைப் பலரும் பாராட்டியுள்ளனர். அவ்வழக்கின் பயன் மண்மணம் மட்டுமன்று. அதே சொற்களில்தான் அங்குத் தாலாட்டும் நிகழ்கிறது, விலக்கலும் நிகழ்கிறது.

இனி, தொடக்கத்தில் குறித்த குடும்ப வரலாற்று நூல்கள். இவற்றுள் பெரும்பாலானவை உலாவின் வழிச் செல்பவை. மூதாதை ஒருவரில் தொடங்கி மகன், மகனின் மகன் என வரிசை இறங்குகிறது. மகள் பெயர் வருமிடத்தில் இன்னார்க்கு மணம் செய்து கொடுக்கப்பட்டாள் என்னும் குறிப்போடு கோடு நின்றுவிடுகிறது. மருகி வருமிடத்தில் அவள் கோடு தொடங்குவதேயில்லை. தத்து எடுத்தது, பங்காளி வழக்கு, சாதி கடந்த மணம், வீட்டைவிட்டுச் சென்றவர் ஆகியவை விடப்படுகின்றன. கூட்டுக்குடும்ப முறையைக் கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது. தாய்வழியில் எண்ணிவந்த தறவாடுகள் தம் வரலாற்றை இன்று எழுதப் புகும்போது, விருட்சத்தை எப்பக்கமிருந்து வரைவது என்னும் சிக்கலை நேரில் எதிர்கொள்கின்றன. ஒரே வீட்டிற்கு இரண்டு விருட்சங்கள் வரைய இடமுண்டு. அவை ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களே ஆய்வாளனுக்கு உரியவை.

இந்நூல்களை இகழ்வது எளிது, பயனற்றதும்கூட. முன்னோரை நினைந்து மகிழும் உரிமை எக்குடும்பத்திற்கும் உண்டு. அடிமை வணிகத்தால் பெயரும் ஊரும் பறிக்கப்பட்ட மக்களுக்கு முன்னோர் பெயர் ஒன்றைக் கண்டடைவது எத்தகைய மீட்சி என்பதை அலெக்ஸ் ஹேலியின் வேர்கள் (1976) உலகறியச் செய்தது. நம்மிடையே நிலமும் பட்டயமும் இன்றி வாழ்ந்த குடிகளுக்கும் அச்சிட்ட குடிவழி ஒரு தலைநிமிர்வே. கேள்வி கொண்டாட்டத்தைப் பற்றியதன்று, களப்பணியைப் பற்றியது. குடும்ப நூல்களைத் தரவாகக் கொள்ளும் மாணவர், அச்சிட்ட வரிசையோடு நில்லாமல், அதற்குச் செய்தி தந்தவர் யார் எனக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். முன்னுரையில் ஆண்கள் பெயரால் நன்றி கூறப்பட்ட நூல்களுக்குப் பின்னே, பிறந்த நாளையும் இறந்த திதியையும் கொண்டான் கொடுத்தான் முறையையும் நினைவிலிருந்து சொன்ன ஒரு பாட்டி பெரும்பாலும் இருப்பார். அப்பாட்டியிடம் விருட்சத்தைக் காட்டி, இதில் விடுபட்டவர் யார் என்று கேட்டால், அவர் முதலில் சொல்லும் பெயர் எது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பிறந்த வீட்டின் வரிசையையும் தனித்தாளில் எழுதி வாங்க வேண்டும். நல்லினியும் அந்துவஞ்செள்ளையும் நமக்குக் கிடைத்தது, பதிகம் இயற்றியோர் அப்பெயர்களை யாரிடமோ கேட்டறிந்ததால்தான். நகரத்தார் மரபு கூறும் வேளாளர் மகளிருள் ஒருத்தியின் பெயரையேனும் கேட்டறிந்து பாடிய பதிகம் எதுவும் இல்லை.